படகில் ஐந்து நாள்

உமாதேவி கம்பத்தில் பஸ் ஏறும்போது பையில் இரண்டு சேலையும், ஒரு டப்பா இட்லிப்பொடியும், பத்திர எழுத்தர் அடித்துக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகலும் மட்டுமே இருந்தன. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு உத்தமபாளையம் பதிவு அலுவலகத்தில் டோக்கன் போட்டிருந்தாள். அன்று திங்கள். அதற்குள் கொச்சியில் இருக்கும் புருஷனை எப்படியாவது கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும்.

அனுமந்தன்பட்டிப் பக்கம் இரண்டரை ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம். பட்டா ஈஸ்வரபாண்டி பெயரில். அவர் இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக உலகம் சுற்றியபோது தோட்டத்தைப் பார்த்தவள் உமாதேவி. கொடிகளுக்கு வயசாகிவிட்டது. பிடுங்கிவிட்டுப் புதுசு நடவேண்டும், புது போர் போடவேண்டும், அதற்கு மின் இணைப்பு வாங்கவேண்டும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே கேள்வி: "பட்டாக்காரர் எங்கம்மா?"

பட்டாக்காரர் ஆறு வருஷமாக ஒரு பாய்மரப் படகில் குடியிருந்தார். கப்பல் வேலையை விட்டு வந்து ஒரு வருஷம்தான் வீட்டில் இருந்தார். பிறகு கொச்சியில் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்தப் பழைய படகை வாங்கி, அங்கேயே தங்கிவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை வீரபாண்டித் திருவிழாவுக்கு வருவார். ராட்டினம் பார்க்கிற இடத்தில் நாலு பேரைச் சேர்த்துவைத்து, லட்சத்தீவுக்குத் தனியாகப் பாய் விரித்துப் போனது, பறக்கிற மீன் படகுக்குள் வந்து விழுந்தது என்று கதை சொல்வார். மூன்றாம் நாள் திரும்பிவிடுவார். போனில் கையெழுத்துப் பேச்செடுத்தால் வைத்துவிடுவார்.

படகுத்துறையில் கம்பிக் கதவுக்கு உள்ளே, தண்ணீரில் மிதக்கும் நடைமேடைகளின் இருபுறமும் படகுகள் கட்டியிருந்தன. மேடை காலடியில் அசைந்தது. கடைசியில் மற்றவற்றைவிடச் சின்னதாக, வீரபாண்டி அம்மனின் பெயரை 'கௌமாரி' என்று தமிழில் எழுதிய ஒரு படகு. அதன் மேல்தட்டில் ஈஸ்வரபாண்டி லுங்கியோடு உட்கார்ந்து வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கை நின்றது.

"ஒன்னைய ஆரு உள்ள விட்டது?"

"பொண்டாட்டின்னு சொன்னேன். விட்டுட்டாக."

"என்னத்துக்கு வந்த?"

"வெள்ளிக்கிழம பதிவாபீசுல டோக்கன் போட்டுருக்கு. தோட்டத்த எம்பேருக்கு மாத்திக் குடுத்துட்டு வாங்க. பெறகு ஒங்க மூஞ்சிய நான் பாக்க வரல."

"வர முடியாது."

"அப்ப நான் இங்கனயே இருக்கேன்."

அவர் சிரித்தார். "இரு. ரெண்டு நாளு தாங்குறியான்னு பாப்போம். செருப்பக் கழட்டிட்டு ஏறு. படகு அழுக்காயிரும்."

அவள் செருப்போடே ஏறினாள்.

உள்ளே இறங்க நாலு படி. கீழே ஒரு பஸ்ஸில் பாதி நீளம்கூட இல்லாத அறை. ஒரு பக்கம் நீண்ட பெஞ்சு, எதிரே அடுப்பும் தொட்டியும், முன்மூக்கில் முக்கோணமாக ஒரு படுக்கை. நிமிர்ந்தால் தலை இடித்தது. டீசலும் ஈரத்துணியும் கலந்த வாடை. அவள் பையை முக்கோணப் படுக்கையில் வைத்தாள். அது அவருடைய படுக்கை. அவர் தன் தலையணையை எடுத்துப் பெஞ்சில் எறிந்தார்.

மறுநாள் காலையில் அவளுக்குக் குடல் புரண்டது. கட்டிக்கிடக்கிற படகுதான், ஆனால் கால்வாயில் ஒரு கப்பல் போனால் பத்து நிமிஷம் ஆடியது. மேலே ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஈஸ்வரபாண்டி டீயை ஊதிக்கொண்டே, "பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வெளியிலயே நிக்கும்" என்றார்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. படகின் கக்கூஸில் கடல்தண்ணீரைக் கைப்பம்பால் இழுத்து ஊற்றவேண்டும். முடிந்ததும் வால்வை மூடவேண்டும். அவர் பம்பைக் காட்டினார், வால்வைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கோப்பை நிரம்பி வழிந்து, தண்ணீர் அறைக்குள் வந்து உமாதேவியின் பாதத்தை நனைத்தது.

"ஐயையோ, தண்ணி வருதே! படகு முழுகுது!"

அவர் படிக்கட்டில் நின்று பார்த்தார். அவள் பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் ஏறி நிற்கும்வரை பார்த்தார். பிறகு நிதானமாக இறங்கிக் குனிந்து, வால்வைத் திருகி மூடினார்.

"சொன்னா என்ன கொறஞ்சா போயிருவீக?"

"பட்டா கேக்குறவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றவர் துணியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. காலை மடக்கிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அரைமணி நேரம் அவரே பிழிந்து பிழிந்து துடைத்தார்.

பதிலுக்கு அவள் அடுப்பைப் பிடித்தாள். அந்த அடுப்பு அவருடைய உயிர். படகு ஆடினாலும் சட்டி ஆடாதபடி ஊஞ்சல்போலத் தொங்குகிற அடுப்பு. அவருடைய கத்திகள் நீளவாரியாகச் சுவரில் மாட்டியிருந்தன. உமாதேவி வெளியே போய்க் கருவாடும் கத்திரிக்காயும் வாங்கி வந்து, அவருடைய கத்தியால் நறுக்கி, தனக்கு மட்டும் குழம்பு வைத்தாள். கொதிக்கிற சட்டியை இறக்கிவைக்க மேசையில் விரித்திருந்த பெரிய தாளையே பயன்படுத்தினாள். அது கடல் வரைபடம். லட்சத்தீவுக்குப் போகும் வழியெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். சட்டியின் கரி வட்டமாகப் பதிந்தது.

"ஏய்! அது என்னன்னு தெரியுமாடி ஒனக்கு?"

"காகிதம்."

அவர் தாளை உருவினார். குழம்பு அவர் கையில் சிந்திச் சுட்டது. கையை உதறிக்கொண்டே வெளியே போனவர், கடையில் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு வந்தார். அவருக்குக் கருவாட்டுக் குழம்பு எவ்வளவு பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மீதியை அவர் கண்முன்னாலேயே தண்ணீரில் கொட்டினாள்.

சாயங்காலம் காற்று எழுந்தது. எல்லாப் படகுகளிலும் கயிறுகள் பாய்மரத்தில் மோதி டங் டங் என்று ஓயாமல் அடித்தன. இருவரும் மேல்தட்டில் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே இருந்தால் ஒருவர் மூச்சு ஒருவர்மேல் பட்டது.

"கையெழுத்துப் போடுறதுல ஒங்களுக்கு என்ன நட்டம்? அந்தத் தோட்டத்துல ஒரு வேளயாவது தண்ணி பாச்சிருக்கீகளா?"

"பாச்ச விட்டியா நீ?" அவர் குரல் உடனே ஏறியது. "கப்பல விட்டுட்டு வந்தேன். இனி தோட்டம்தான்னு வந்தேன். கவாத்து பண்ணுங்கடான்னு சொன்னா, அந்த அம்மாவாசி என்ன சொன்னான்? 'அக்கா சொல்லட்டும்ணே'ன்னான். எந்தோட்டத்துல, எங்கூலியாளு."

"வெட்டக்கூடாத நேரத்துல வெட்டச் சொன்னீக. அன்னைக்கு வீம்புக்கு வெட்டவச்சு, கொடி முழுக்கத் தழஞ்சு ஒரு கொல காய்க்கல. மறந்து போச்சா?"

"அத வச்சே ஊரெல்லாம் சிரிச்சுச்சு. நீயும் சேந்து சிரிச்ச."

"சிரிச்சேன். ஆமா, சிரிச்சேன். ஒங்க மக பொறந்தப்ப நீங்க பிரேசில்ல. எங்கர்ப்பப்பைய எடுத்தப்ப சிங்கப்பூர்ல. எங்காத்தா செத்து மூணாம் மாசம் வந்து எழவு கேட்டீக. நான் ஒரு தடவ சிரிச்சதுக்கு ஆறு வருசமா படகுல கோவிச்சுக்கிட்டு உக்காந்துருக்கீக."

அவர் எழுந்து, தளர்ந்திருந்த ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டினார். கட்டிய பிறகும் அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"பட்டாவுல எம்பேரு இருக்குறதாலதான் நீ இங்கன வந்து நிக்குற. அதையும் குடுத்துட்டா நான் இருக்கனா செத்தனான்னு ஆரு கேப்பா?" என்றார்.

அவளுக்கு அதைக் கேட்டு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அதற்காகத் தன்னை ஆறு வருஷம் ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் நிற்கவைத்திருக்கிறார்.

புதன்கிழமை காலையில் அவர் கரையிலிருக்கும் குளியலறைக்குப் போயிருந்தார். படகுத்துறை சூப்பர்வைசர் தங்கச்சன் மேடையில் வந்து நின்று, "ஈஸ்வரன் சேட்டன் எவிடெ?" என்று கேட்டார். திராட்சை எடுக்க வரும் கேரளத்து வியாபாரிகளிடம் இருபது வருஷம் பேரம் பேசியவள் உமாதேவி. மலையாளத்திலேயே பதில் சொன்னாள். தங்கச்சனுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். கொட்டித் தீர்த்துவிட்டார்.

இந்த மேடையைப் பழுதுபார்க்கப் போகிறார்கள். நாளைக்குள் எல்லாப் படகும் எதிர்வரிசைக்கு மாறவேண்டும். ஒரு மாசமாகச் சொல்லியும் சேட்டன் காதில் வாங்கவில்லை. அவர் என்ன செய்வார், படகை வாங்கியபோதே எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பாயை ஒருநாள்கூட மேலே ஏற்றியதில்லை, மடிப்பிலேயே இற்றுப்போயிருக்கும். வந்த புதிதில் ஒருதடவை கயிறை அவிழ்த்துப் பத்தடி போனார், பயந்துபோய்க் கத்தி ஆள் கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷமாக இந்தப் படகு இந்த இடத்தைவிட்டு நகர்ந்ததே இல்லை. அடியில் சிப்பி பிடித்துக் கிடக்கிறது.

"லட்சத்தீவுக்குப் போகலியா?" என்று கேட்டாள் உமாதேவி.

தங்கச்சன் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

ஈஸ்வரபாண்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் மேல்தட்டில் காத்திருந்தாள். அவருக்கு வயசு அறுபது ஆகியிருந்தது. குளித்த தலையை வகிடெடுத்துச் சீவியிருந்தார்.

"பறக்குற மீனு எம்மா நீளம் இருந்துச்சு?" என்றாள்.

"என்னது?"

"இந்தப் படகுக்குள்ள வந்து விழுந்துச்சே, அது. தங்கச்சன் சொன்னாரு, எஞ்சினு செத்து ஆறு வருசம்னு. பத்தடி போனதுக்கு ஐயோ அம்மான்னு கத்துனீகளாம்ல."

அவர் முகம் வெளுத்தது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"இருவத்தாறு வருசம் கப்பல்ல போனவன் நான்."

"அடுப்படியில போனீக. திருவிழாவுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. இந்தத் தடவ ஒங்க கதைய நான் சொல்றேன். கோயில் வாசல்ல நின்னு சொல்றேன். ஒங்க தம்பிமாரு, மச்சினமாரு, சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாரும் கேக்கட்டும்."

"நீ சொல்லமாட்ட உமா."

"வெள்ளிக்கிழம வந்தா சொல்லமாட்டேன்."

அவர் கை ஓங்கினார். அவள் நகரவில்லை. பக்கத்துப் படகில் பித்தளை துடைத்துக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். ஓங்கிய கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஈஸ்வரபாண்டி கீழே இறங்கிப்போனார். அன்று முழுவதும் வெளியே வரவில்லை. உமாதேவி தனியாக வெயிலில் உட்கார்ந்திருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. ஒவ்வொரு வருஷமும் அவர் கதை சொல்லும்போது கூட்டத்துக்குப் பின்னால் நின்று அவளும் கேட்டிருக்கிறாள். திட்டிக்கொண்டேதான், ஆனாலும் நம்பியிருந்தாள்.

வியாழக்கிழமை காலை தண்ணீர் ஏறிய நேரத்தில் தங்கச்சன் மூன்று ஆட்களோடும், மோட்டார் வைத்த ஒரு சின்ன வள்ளத்தோடும் வந்தார். ஈஸ்வரபாண்டி வெள்ளைச் சட்டை போட்டு, பின்பக்கம் சுக்கானைப் பிடித்து நின்றார். கயிறுகளை அவிழ்த்தார்கள். வள்ளம் இழுத்தது. முதலில் படகு வரவே மாட்டேன் என்றது. பிறகு கீழே நறநறவென்று சத்தம் கேட்டு, பச்சைப் பாசியும் சிப்பியுமாக மேலே கலங்கி வர, நகர்ந்தது. மற்ற படகுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார்.

எதிர்வரிசை நாற்பதடிதான். பாதி தூரத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது. படகின் மூக்கு திரும்பி, அங்கே கட்டியிருந்த புத்தம்புது வெள்ளைப் படகை நோக்கிப் போனது.

"சேட்டா, இடத்தோட்டு! சுக்கான் இடத்தோட்டு!" என்று இடப்பக்கம் திருப்பச் சொல்லித் தங்கச்சன் கத்தினார்.

ஈஸ்வரபாண்டி சுக்கானைப் பிடித்தபடி அப்படியே நின்றார். உதடு மட்டும் அசைந்தது. கை அசையவில்லை.

உமாதேவி தட்டில் கிடந்த கொக்கிக் கம்பை எடுத்தாள். திராட்சைப் பந்தல் சரியும்போது முட்டுக் கொடுக்கிறவளுக்கு அது புதிதில்லை. சேலையை இடுப்பில் செருகி, கம்பின் முனையை வெள்ளைப் படகின் ரப்பர் விளிம்பில் ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். கம்பு நழுவி முழங்கையில் தோல் கிழிந்தது. விடவில்லை. ஒரு முழ இடைவெளியில் படகு தப்பி விலகியது.

"விடுடி! அதுல கை வைக்காத! என்னோட படகு!" என்று அப்போதுதான் ஈஸ்வரபாண்டிக்குக் குரல் வந்தது.

படகு புது இடத்தில் கட்டப்பட்டதும் தங்கச்சன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்க, உமாதேவியைக் காட்டி, "இனி அம்மயாணு கேப்டன்!" என்றார். மேடையில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் ஈஸ்வரபாண்டியைப் பார்த்த உமாதேவிக்கு கொடி காய்க்காமல் போன அந்த நாள் நினைவு வந்தது. அன்றும் அவர் இப்படித்தான், கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அன்று அவளும் சிரித்தாள். இன்று சிரிக்கவில்லை. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

சாயங்காலம் கயிற்று முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "காலையில அஞ்சு மணி பஸ்ஸு."

எர்ணாகுளத்திலிருந்து குமுளிவரை இருவரும் முன்பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். குமுளியில் அவர் தனக்கு மட்டும் டீ வாங்கினார். அவள் தனக்கு மட்டும் வாங்கினாள். மலை இறங்கி, கம்பம் தாண்டி, உத்தமபாளையத்தில் இறங்கியபோது மணி ஒன்றரை.

பதிவு அலுவலக வராந்தாவில் இருபது பேர் காத்திருந்தார்கள். பெஞ்சில் இருந்த ஜெய்லானி எழுந்தார். உத்தமபாளையத்தில் திராட்சை மண்டி வைத்திருப்பவர், இருவருக்கும் நெடுநாள் பழக்கம். தன் தங்கை லத்திபாவின் பத்திரத்துக்காக வந்திருந்தார்.

"அடடே, ஈஸ்வரண்ணே! கடல்ராசால்ல வந்துருக்காக! இவுகளத் தெரியுமா, ஒத்த ஆளா பாய்மரத்துல லட்சத்தீவு போயிட்டு வந்தவுக" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். "இந்த வருசம் எதுவரைக்கும்ணே போனீக?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஈஸ்வரபாண்டி மனைவியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசத் தேவையில்லை, அவள் பார்வையே மிரட்டலாக இருந்தது.

"எங்கனயும் போகல" என்றார் ஈஸ்வரபாண்டி.

"இந்த வருசமா?"

"எந்த வருசமும் போகல ஜெய்லானி. கட்டியே கெடக்கு. எஞ்சினு ஓடாது. எனக்குப் பாய் விரிக்கவும் தெரியாது. கப்பல்ல நான் சோறாக்குனவன். சொன்னதெல்லாம் பொய்யி." அதோடு நிறுத்தவில்லை. "நேத்து நாப்பதடி நகந்துச்சு. அதுவும் இன்னொருத்தன் இழுத்து. இடிக்கப் போனப்ப எனக்குக் கை வரல. இவதான் தள்ளிவிட்டா."

ஜெய்லானி ஏதோ சிரிக்கப் பார்த்து, முடியாமல், "ஒக்காருங்கண்ணே" என்று இடம் விட்டார். ஈஸ்வரபாண்டி உட்காரவில்லை. உமாதேவி பக்கம் திரும்பினார்.

"ம். இப்ப ஒங்கையில என்ன இருக்கு? திருவிழாவுல போயி எதச் சொல்லுவ? இப்பக் கேளு கையெழுத்த."

உமாதேவிக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்த ஒரே ஆயுதத்தை அவர் பிடுங்கித் தூர எறிந்துவிட்டார். இனி அவர் திரும்பிப் பஸ் ஏறினால் தடுக்க ஒன்றுமில்லை. முழங்கையில் கட்டியிருந்த துணிக்குக் கீழே காயம் விண்விண்ணென்று தெறித்தது. உள்ளேயிருந்து அவர்களுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"கேக்கமாட்டேன்" என்றாள். "மெரட்டுனது தப்புத்தான். ஆனா கேக்கமாட்டேன். கேட்டு வாங்குறதுக்கு அது பிச்ச இல்ல. மார்கழிப் பனியில நான் மருந்தடிச்ச கொடி அது. நீ போடுறதுன்னா உள்ள வா. இல்லாட்டிப் போ."

முப்பத்திரண்டு வருஷத்தில் அவரை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல்முறை. சொன்ன பிறகே அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. ஆனால் அவர் அதற்குச் சண்டை பிடிக்கவில்லை.

இரண்டாம் முறை டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். கேமரா முன்னால் முகத்தைக் காட்டினார். விரல் வைத்தார். "சொந்த விருப்பத்துல எழுதிக் குடுக்குறீங்களா, யாரும் வற்புறுத்துனாங்களா?" என்று சார்பதிவாளர் வழக்கப்படி கேட்டார்.

"யாரும் வற்புறுத்தல" என்றார் ஈஸ்வரபாண்டி. அதைச் சொல்லும்போது உமாதேவியைப் பார்த்தார், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி.

வெளியே வந்ததும், "ஒனக்குப் பயந்து போடல. அது தெரிஞ்சுக்க" என்றார்.

"தெரியும்."

"பாவம்னு நெனச்சும் போடல."

"நானும் அப்பிடி நெனைக்கல."

பஸ் ஸ்டாண்டுவரை சேர்ந்துதான் நடந்தார்கள், வேறு வழி இல்லாததால். ஒரு ஜூஸ் கடை வாசலில் அவர் நின்று, "ஆள விட்டுச் சுத்தம் பண்ணப்போறேன். அடியில இருக்குற சிப்பிய" என்றார். அவளிடம் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அவளிடம் இல்லை. அவரும் அதை எதிர்பார்த்து நின்றதுபோலத் தெரியவில்லை.

கம்பம் வழியாகக் குமுளி போகும் பஸ் வந்தது. அவர் ஏறி, அவள் நிற்காத பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்துகொண்டார். உமாதேவி அனுமந்தன்பட்டிக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வெயில் தாழ இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து தண்ணீர் பாய்ச்சாத வடக்கு வரிசை என்ன கதியில் இருக்கிறதோ என்று டிரைவரை வேகமாகப் போகச் சொன்னாள்.